ரோட்டை மூடணுமா? அதுக்கும் ஒரு அப்ளிகேஷன் இருக்கு

"பணிகள் நடைபெறுகின்றன. மாற்றுப் பாதையில் செல்லவும்."

காலேஜுக்கு லேட்டா கிளம்பின அன்னைக்குத்தான் இந்த போர்டு நம்ம கண்ணுல படும். வண்டியைத் திருப்பிக்கிட்டே நாலு வார்த்தை திட்டிட்டு, சந்து சந்தா நுழைஞ்சு போவோம். யார் இந்த ரோட்டை மூடினாங்க, யார்கிட்ட கேட்டு மூடினாங்கன்னு யோசிக்க மாட்டோம். நானும் யோசிச்சதில்லை. போன லீவுல இன்டெர்ன்ஷிப் போனப்பதான் அந்த போர்டுக்குப் பின்னாடி ஒரு தடிமனான ஃபைல் இருக்குன்னு தெரிஞ்சது.

சிவில் பசங்களுக்கான கட்டுரைன்னு நினைச்சு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. ரோட்டுல வண்டி ஓட்டுற எல்லாருக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்.

குடிநீர்க் குழாய் பதிக்கிற ஒரு கான்ட்ராக்டர்கிட்ட ஒரு மாசம் வேலை. ஊர் பேரும் கம்பெனி பேரும் வேண்டாம். முதல் நாளே சைட் இன்ஜினியர் அண்ணா ஒரு பழைய ஃபைலைக் கையில கொடுத்தார். "பஸ் போற ரோடு ஒண்ணு இருக்கு. அதை மூட பெர்மிஷன் கேட்டு லெட்டர் போடணும். இதுல தேதியையும் ரோடு பேரையும் மாத்தி பிரிண்ட் எடுத்துடு."

அரை மணி நேர வேலைன்னு நினைச்சேன். மூணு தடவை திரும்பி வந்தது. அனுமதி கைக்கு வர மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்துல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். ஊருக்கு ஊர் நடைமுறை கொஞ்சம் மாறும். ஆனா கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒண்ணுதான்.

முதல்ல, ரோடு யாரோடது?

முதல் தடவை திரும்பி வந்ததுக்குக் காரணம் ரொம்பச் சின்னது. பழைய ஃபைல்ல "மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு" என்று இருந்தது. நானும் அப்படியே போட்டேன். அங்க போனா, "தம்பி, இந்த ரோடு எங்களோடது இல்ல, ஹைவேஸ்ல போய்க் கேளுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

நம்ம கண்ணுக்கு எல்லா ரோடும் ஒரே தார் ரோடுதான். ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓனர் இருக்காங்க. ஊருக்குள்ள இருக்கிற தெருக்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வசம் இருக்கும். கிராமத்துல ஊராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியம். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை இந்த மூணும் மாநில நெடுஞ்சாலைத்துறையோடது. தேசிய நெடுஞ்சாலைன்னா தேசிய நெடுஞ்சாலை ஆணையமோ, மாநிலத்துல இருக்கிற தேசிய நெடுஞ்சாலைப் பிரிவோ பார்த்துக்கும். ஊர் எல்லைக்குள்ள நுழைஞ்ச உடனே ரோடு மாநகராட்சிக்குக் கை மாறிடும்னு கிடையாது. நடு ஊர்ல ஓடுற மெயின் ரோடு ஹைவேஸ் வசம் இருக்கிறது சகஜம்.

கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி கிலோமீட்டர் கல். தலையில மஞ்சள் பெயின்ட் இருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. கல் இல்லாத இடத்துல உதவிப் பொறியாளர் ஆபீஸ்லதான் போய்க் கேட்கணும். தப்பான ஆபீஸ்ல கொடுத்த லெட்டர் அங்கேயே தூங்கும். எங்களோடது நாலு நாள் தூங்கிச்சு.

அனுமதி ஒண்ணு இல்ல, ரெண்டு

நான் பண்ணின அடுத்த தப்பு, ரெண்டு விஷயத்தையும் ஒரே லெட்டர்ல கேட்டது.

ரோட்டை வெட்டுறதுக்கு அனுமதி வேற. அதை ரோட்டோட ஓனர் கொடுக்கணும். எவ்வளவு நீளம், அகலம், ஆழம், எந்த வகை ரோடு என்று பார்த்து, திரும்ப ரோடு போடுற செலவுக்கு ஒரு தொகையைக் கட்டச் சொல்வாங்க. தார் ரோட்டுக்கு ஒரு ரேட், கான்கிரீட்டுக்கு ஒரு ரேட், மண் ஓரத்துக்கு ஒரு ரேட். அதனாலதான் வரைபடத்துல குழாய் ரோட்டு ஓரத்துல இருந்து எத்தனை மீட்டர்ல போகுதுன்னு துல்லியமா காட்டணும்.

வண்டிகளை நிறுத்துறதுக்கும் திருப்பி விடுறதுக்கும் அனுமதி வேற. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-ஐப் படிச்சுப் பாருங்க. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, ரோடு இருக்கிற நிலைமைக்காகவோ ஒரு இடத்துல வாகனங்களைத் தடை செய்ய மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்தவங்களுக்கும் உரிமை உண்டு. அந்தத் தடை ஒரு மாசத்துக்கு மேல போனா அரசிதழ்ல அறிவிப்பு வரணும். ஒரு மாசத்துக்குள்ளன்னா அரசிதழ் தேவையில்லை, ஆனா அந்தப் பகுதி ஜனங்களுக்குத் தெரியற மாதிரி விளம்பரம் பண்ணியே ஆகணும். நாம பேப்பர்ல பார்க்கிற "போக்குவரத்து மாற்றம்" செய்தி சும்மா தகவலுக்காக வர்றது இல்ல, சட்டம் கேட்கிறது அது.

நடைமுறையில நாம போய் நிக்கிற இடம் டிராஃபிக் போலீஸ். மாநகரம்னா கமிஷனர் ஆபீஸ்ல போக்குவரத்துப் பிரிவு, மத்த இடத்துல மாவட்ட எஸ்.பி. ஆபீஸ். கான்ட்ராக்டரா நாமளே ரோட்டை மூட முடியாது. பேரிகேடு நம்ம காசுல வாங்கினதா இருக்கலாம், ஆனா வண்டியை நிறுத்துற அதிகாரம் நமக்குக் கிடையாது. இது எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

"ஏன் முழுசா மூடணும்?"

ரெண்டாவது தடவை திரும்பி வந்தது ஹைவேஸ் உதவிப் பொறியாளர் மேடம்கிட்ட இருந்து. நான் எழுதியிருந்தது: "மேற்படி சாலையை 10 நாட்கள் முழுமையாக மூடிட அனுமதி வேண்டுகிறோம்." மேடம் பேனாவால "முழுமையாக" என்ற வார்த்தையைச் சுத்தி ஒரு வட்டம் போட்டாங்க.

"ஏன்பா முழுசா?"

"வேலை சீக்கிரம் முடியும் மேடம்."

"உங்களுக்கு முடியும். ரோட்டோட அகலம் என்ன, குழாய் எங்க போகுது, மிச்சம் எவ்வளவு இருக்கும்? கணக்கு போட்டுட்டு வா."

போட்டேன். ரோடு 7 மீட்டர். ஓரத்துல வடிகாலும் கேபிளும் இருக்கிறதால குழாய்க் குழி 1.5 மீட்டர் தள்ளி ஆரம்பிக்குது. குழி அகலம் 0.8. அதுக்கு அந்தப் பக்கம் விளிம்பு சரியாம இருக்க 1 மீட்டர் விடணும். பேரிகேடுக்கு 0.3. மொத்தம் 3.6 மீட்டர் போனா, மிச்சம் 3.4 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு லேன் முழுசா இருக்கு! நான் மூடக் கேட்ட ரோட்டுல பாதி சும்மா கிடந்திருக்கும்.

அப்புறம் மண். 30 மீட்டர் நீளம், 0.8 அகலம், 1.3 ஆழம் வெட்டினா 31 கன மீட்டர் மண் வரும். வெட்டி வெளியே எடுத்தா இன்னும் உப்பும். அதை ரோட்டுலயே கொட்டினா அந்த ஒரு லேனும் போச்சு. அதனால உடனுக்குடன் டிப்பர்ல ஏத்தி வெளியே கொண்டு போகணும். ஜேசிபி பக்கத்துல டிப்பர் நிக்கிற சில நிமிஷம் மட்டும் வண்டிகளை நிறுத்தி வைக்கலாம். லோடு ஏறினதும் டிப்பர் நகரும், லேன் திறக்கும். ஆம்புலன்ஸ் வந்தா பாதி லோடுன்னாலும் நகரணும். அதுக்கு டிப்பர் டிரைவர் சீட்டை விட்டு இறங்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை அப்ளிகேஷன்லயே எழுதச் சொன்னாங்க மேடம். எழுதினேன்.

ஒரே ஒரு இடத்துல கணக்கு இடிச்சது. ஜங்ஷன்ல குழாய் ரோட்டைக் குறுக்கே கடக்கணும், அங்கேயே வால்வு சேம்பரும் வருது. அங்க ஜேசிபி நின்னா சைக்கிள் போகக்கூட இடம் இல்லை. அதுக்கு முழு மூடல் நியாயமானது.

ஆக, 10 நாள் பகல் ராத்திரி முழுசா மூடணும்னு கேட்ட விஷயம், நாலு ராத்திரி பாதி ரோடு, ரெண்டு ராத்திரி முழு ரோடு என்று சுருங்கிச்சு. ஒவ்வொரு ராத்திரியும் வெட்டினதை விடியறதுக்குள்ள மூடிடணும். வேலையோட அளவு மாறவே இல்லை. என் சோம்பேறித்தனம்தான் குறைஞ்சது.

மாற்றுப் பாதையில நடந்து பாருங்க

மூணாவது தடவை டிராஃபிக் இன்ஸ்பெக்டர் சார். நான் கூகுள் மேப்ல ஒரு சிவப்புக் கோடு போட்டு, "மாற்றுப் பாதை" என்று எழுதி எடுத்துட்டுப் போயிருந்தேன். பார்த்துட்டு, "இந்தப் பாதையில நீ போயிருக்கியா?"ன்னு கேட்டார். இல்லைன்னேன். "ராத்திரி வா, சேர்ந்து போகலாம்."

போனோம். மேப்ல தெரியாத விஷயம் எவ்வளவு இருந்தது தெரியுமா?

ஒரு திருப்பத்துல கார் அழகா திரும்பும், பஸ் திரும்பாது. முன் சக்கரம் திரும்பினாலும் பின் சக்கரம் உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும், அங்க ஒரு மின்கம்பம். ஒரு இடத்துல வீட்டுக்கு இழுத்த வயர் தாழ்வா தொங்குது. ஒரு கல்யாண மண்டபம், முகூர்த்த நாள்ல ரெண்டு பக்கமும் கார் நிக்கும். ஒரு காய்கறி மார்க்கெட், விடியக்காலை நாலு மணிக்கே லோடு வண்டிகள் வர ஆரம்பிச்சிடும். அப்புறம் மூடப்போற ரோட்டுலயே ஒரு நர்சிங் ஹோம் இருந்தது. மேப்ல சின்ன எழுத்துல போட்டிருந்தாங்க, நான் கவனிக்கலை.

இன்ஸ்பெக்டர் சார் ஒவ்வொரு இடத்துலயும் நின்னு ஒரு கேள்வி கேட்டார். பால் வண்டி எப்ப வரும்? கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு? முதல் பஸ்? பஸ் வேற வழியா போனா ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்கு யார் சொல்வா? நடந்து வர்றவங்க எந்தப் பக்கமா போவாங்க? வீட்டு வாசல்ல குழி வெட்டினா அந்த வீட்டுத் தாத்தா எப்படி வெளியே வருவார்?

அப்பதான் எனக்கு அந்த ஃபாரம் புரிஞ்சது. "நேரம்" என்ற கட்டத்துல நான் போட்டது ராத்திரி 10 மணியில இருந்து காலை 5 மணி வரைக்கும். ஏன் 10, ஏன் 5ன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லை, பழைய ஃபைல்ல அப்படி இருந்தது. சார் அதை 10.30 முதல் 4 என்று மாத்தினார். அந்த அரை மணி நேரம் கடைசி பஸ்ஸுக்கு, அந்த ஒரு மணி நேரம் மார்க்கெட்டுக்கு. ஃபாரத்துல ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாடியும் ரோட்டுல வரப்போற ஒரு ஆள் இருக்கார். கட்டத்தை நிரப்புறதுன்னா அவர் யார்னு தெரிஞ்சுக்கிறதுதான்.

பஸ்ஸையும் லாரியையும் ஆறு ராத்திரியும் வேற வழியில அனுப்புறதுன்னு முடிவாச்சு. அதுக்கு அரசு போக்குவரத்துக் கழகக் கிளைக்குத் தனி லெட்டர். ஃபயர் ஸ்டேஷனுக்கு ஒண்ணு, 108 ஆம்புலன்ஸுக்கு ஒண்ணு, அந்த நர்சிங் ஹோமுக்கு ஒண்ணு.

பூமிக்கு மேல இருக்கிறவங்களைக் கேட்டாச்சு, பூமிக்குக் கீழ? மின்வாரியக் கேபிள், பி.எஸ்.என்.எல்., தனியார் ஃபைபர், பாதாளச் சாக்கடை எல்லாரும் அங்கதான் இருக்காங்க. எல்லா ஆபீஸ்ல இருந்தும் ஆளைக் கூப்பிட்டு ஒரே நாள்ல ரோட்டுல நின்னு பார்க்கிறதை ஜாயின்ட் இன்ஸ்பெக்‌ஷன்னு சொல்றாங்க. மத்திய அரசு 2023 மார்ச்ல "கால் பிஃபோர் யூ டிக்" என்று ஒரு ஆப் வெளியிட்டது. வெட்டப்போற இடத்தை அதுல போட்டா, கீழே கேபிளும் குழாயும் வெச்சிருக்கிறவங்களுக்குத் தகவல் போகும். ஆப் இருந்தாலும் சில இடத்துல கையால சோதனைக் குழி வெட்டிப் பார்த்துட்டுத்தான் ஜேசிபியை இறக்கணும்.

போர்டு எங்க வைக்கணும்? என் கையைக் கேளுங்க

வரைபடத்துல பேரிகேடுக்கு 10 மீட்டர் முன்னாடி ஒரு போர்டு வரைஞ்சிருந்தேன். இதுக்கு நான் வெட்கப்படணும், ஏன்னா இந்தக் கணக்கை நாம ஹைவே இன்ஜினியரிங் பேப்பர்ல போட்டு மார்க் வாங்கியிருக்கோம்.

மணிக்கு 50 கிலோமீட்டர்ல வர்ற வண்டி ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும். போர்டைப் பார்த்து, புரிஞ்சு, பிரேக்ல கால் வைக்க 2.5 விநாடி என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் எடுத்துக்குது. அதுலயே 35 மீட்டர் போச்சு. பிரேக் பிடிச்சு நிக்க இன்னும் 26, 27 மீட்டர். மொத்தம் 60 மீட்டர். மழை, தேய்ஞ்ச டயர், எதிர்ல வர்ற ஹெட்லைட் எல்லாம் சேர்ந்தா இன்னும் கூடும். 10 மீட்டர்ல வெச்ச போர்டு, விழுந்தவனுக்கு எதுல விழுந்தோம்னு சொல்றதுக்குத்தான் உதவும்.

வேலை நடக்கிற இடத்துல போக்குவரத்தை எப்படிக் கையாளணும்னு ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்று ஒரு வழிகாட்டி இருக்கு, 2014 பதிப்பு. நம்ம லைப்ரரியில கேட்டுப் பாருங்க. அது ரோட்டை நாலு பகுதியாப் பிரிக்குது. முதல்ல எச்சரிக்கைப் பகுதி, "முன்னாடி வேலை நடக்குது"ன்னு டிரைவருக்குத் தெரியணும். அடுத்து வழிமாற்றப் பகுதி, கோன்களைச் சாய்வா வரிசையா வெச்சு வண்டியை மெதுவா பக்கத்து லேனுக்குத் தள்ளணும். மூணாவது வேலைப் பகுதி. நாலாவது, பழைய லேனுக்குத் திரும்ப வர்ற பகுதி. பெரும்பாலான இடங்கள்ல நாம பார்க்கிறது மூணாவது மட்டும்தான்.

இங்க என் சொந்தக் கதை ஒண்ணு. செகண்ட் இயர்ல, நவம்பர் மாசம், ராத்திரி ஒன்பது மணி இருக்கும், நல்ல மழை. ரூமுக்கு வண்டியில வந்துட்டு இருந்தேன். ரோட்டோரத்துல கேபிளுக்காக வெட்டின குழி. மழைத் தண்ணி நிரம்பி, குழியும் ரோடும் ஒரே மட்டமா மின்னிச்சு. எச்சரிக்கைக்கு ஒரு மரக்கிளையை நட்டு வெச்சிருந்தாங்க, அது சாய்ஞ்சு தண்ணியில கிடந்தது. நான் அதைப் பார்த்தது விழுந்து எழுந்தப்பதான். இடது மணிக்கட்டு உடைஞ்சு பிளேட் வெச்சாங்க. இன்னைக்கும் குளிர் நாள்ல வலிக்கும். அம்மா ரெண்டு வாரம் ஹாஸ்டல் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கி சோறு ஊட்டினாங்க.

அப்படி விழுந்த நானே வரைபடத்துல 10 மீட்டர்னு போட்டேன். ஆபீஸ்ல ஏசியில உட்கார்ந்து வரையறப்போ, மழையில வண்டி ஓட்டிட்டு வர்றவன் ஞாபகத்துக்கு வரமாட்டான். அது நானாவே இருந்தாலும்.

"ஒரு நைட்டு தானே, ஆரம்பிச்சிடலாம்"

இந்தப் பகுதியை எழுதலாமான்னு யோசிச்சேன். எழுதறேன்.

மூணாவது வாரம் எல்லா லெட்டரும் போயாச்சு, ஹைவேஸ் பணமும் கட்டியாச்சு. போலீஸ் அனுமதி மட்டும் வரலை. குழாய் வந்து இறங்கியாச்சு, ஜேசிபிக்கு வாடகை ஓடுது. வடகிழக்குப் பருவமழை நெருங்குது. மழைக்காலத்துல ரோடு வெட்டுறதை உள்ளாட்சிகள் நிறுத்தி வைக்கிறது வழக்கம், சென்னையில வருஷா வருஷம் அந்த அறிவிப்பைப் பார்க்கலாம். தேதி தள்ளிப்போனா ஜனவரிதான். ரெண்டாயிரம் வீட்டுக்கோ என்னவோ தண்ணி தாமதமாகும்னு ஓனர் சொன்னார். அது உண்மையாவும் இருக்கலாம்.

ராத்திரி ஓனர் போன்ல: "ஒரு நைட்டு முப்பது மீட்டர் போட்டுடுங்க. பதினோரு மணிக்கு யார் வந்து பார்க்கப் போறா?"

சைட் இன்ஜினியர் அண்ணா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "பார்க்க மாட்டாங்க சார். அதான் பயமா இருக்கு."

அவர் சொன்ன "பார்க்க மாட்டாங்க" அதிகாரிங்களைப் பத்தி இல்லை, வண்டியில வர்றவங்களைப் பத்தி. பஸ் டிரைவருக்கு யாரும் சொல்லலை, வளைவுல போலீஸ் இல்லை, பேப்பர்ல செய்தி வரலை. அனுமதி இல்லாம வெட்டினா அந்தக் குழி இருக்கிறது ஊருக்கே தெரியாது.

சட்டமும் இருக்கு. 2019 திருத்தத்துல மோட்டார் வாகனச் சட்டத்துல 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தாங்க. ரோட்டோட வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புல பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாம, அதனால உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அதிகாரி, கான்ட்ராக்டர், கன்சல்டன்ட் யாரா இருந்தாலும் 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 285-ன்படி பொதுவழியில ஆபத்தோ இடைஞ்சலோ ஏற்படுத்தினா 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம். ஒரு நாள் ஜேசிபி வாடகையோட ஒப்பிட்டா 5,000 பெருசா தெரியாதுன்னு அண்ணாவே சொன்னார். அவரை நிறுத்தினது அபராதம் இல்லைன்னு நினைக்கிறேன்.

ரெண்டு நாள் கழிச்சு போலீஸ் அனுமதி வந்தது. அந்த ரெண்டு நாள் வாடகை நஷ்டம்தான்.

அந்த ஆறு ராத்திரி

எல்லாம் சரியா நடந்ததுன்னு முடிச்சா நல்லா இருக்கும். ஆனா நடக்கலை.

மூணாவது ராத்திரி பன்னிரண்டரைக்கு ஒரு வெளியூர் பஸ் நேரா உள்ளே வந்துடுச்சு. பின்னாடி ஓடிப் போய்ப் பார்த்தா, முனையில வெச்ச அம்புக்குறி போர்டை யாரோ காரை வீட்டுக்குள்ள விடறதுக்காக நகர்த்தி, சுவரைப் பார்த்துத் திருப்பி வெச்சிருக்காங்க. கண்டக்டர் இறங்கி விசில் அடிக்க, பஸ் முழு ரோட்டையும் பின்னாடியே போச்சு. தூக்கத்துல எழுந்த பயணிங்க ஜன்னல் வழியா எங்களைத் திட்டினாங்க. ஒரு பாட்டி மட்டும், "பாத்துப் போப்பா, குழியில விழுந்துடாத"ன்னு என்கிட்ட சொன்னாங்க.

அதுல இருந்து ஒவ்வொரு போர்டு காலுக்கும் மணல் மூட்டை, முனையில கொடியும் பேட்டன் லைட்டும் வெச்சு ஒரு ஆள், மணிக்கு ஒரு தடவை நான் எல்லா போர்டையும் சுத்திப் பார்க்கணும்னு ஏற்பாடு. கையெழுத்தான பேப்பர் ஃபைல்ல பத்திரமா இருக்கும். ரோட்டுல இருக்கிற போர்டை அது காப்பாத்தாது.

நீங்க ஒருநாள் போட வேண்டி வந்தா

சுருக்கமா எழுதி வைக்கிறேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

1. ரோடு யாரோடதுன்னு முதல்ல உறுதி பண்ணுங்க.
2. வெட்டுறதுக்கு ஒண்ணு, போக்குவரத்துக்கு ஒண்ணு, ரெண்டு விண்ணப்பமும் தனித்தனியா, ஒரே நேரத்துல.
3. பாதி மூடினா போதுமா, ராத்திரி மட்டும் போதுமா, பகுதி பகுதியா போகலாமா? மூணுக்கும் "முடியாது"ன்னு கணக்கோட காட்ட முடிஞ்சா மட்டும் முழு மூடல் கேளுங்க.
4. மாற்றுப் பாதையில பகல் ஒரு தடவை, மூடப்போற நேரத்துல ஒரு தடவை போங்க. ஒரு தடவையாவது நடந்து.
5. வரைபடத்துல போர்டு, கோன், லைட், கொடி ஆள் நிக்கிற இடம் எல்லாத்துக்கும் தூரம் போடுங்க.
6. பஸ் கிளை, ஆம்புலன்ஸ், ஃபயர் ஸ்டேஷன், பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரி, ஸ்கூல், மண்டபம் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லுங்க. தேதி போடறதுக்கு முன்னாடி காலண்டர்ல முகூர்த்தம், திருவிழா, பரீட்சை பாருங்க.
7. வேலை முடிஞ்சா போர்டை எடுங்க. வேலை முடிஞ்சும் நிக்கிற போர்டாலதான் ஜனங்க அடுத்த போர்டை நம்ப மாட்டேங்கிறாங்க.

சிவில் இல்லாத நண்பர்களுக்கு ஒண்ணு. உங்க தெருவுல வெளிச்சமோ தடுப்போ இல்லாம ஒரு குழி இருந்தா, அதுக்கு அனுமதி இருக்கான்னு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல, 10 ரூபாய் கட்டணத்தோட ஒரு பக்கம் எழுதிப் போட்டா, அனுமதிக் கடிதத்தோட நகலைக் கேட்கலாம். 30 நாள்ல பதில் தரணும்.

நானும் ஒண்ணு போட்டிருக்கேன். செகண்ட் இயர் நவம்பர்ல, என் மணிக்கட்டு உடைஞ்ச அந்தக் குழிக்கு யார், எந்தத் தேதியில அனுமதி கொடுத்தாங்க, போர்டு எத்தனை மீட்டர்ல வைக்கணும்னு அதுல எழுதியிருந்ததான்னு கேட்டிருக்கேன். போட்டு பன்னிரண்டு நாள் ஆகுது. பதில் வந்தா அடுத்த இதழ்ல எழுதுறேன்.